பெரியசாமியின் படிவம்

1

ஆண்டுக்கு ஒரு முறை என் குற்றத்தை நானே பாடமாக நடத்துகிறேன். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனி, மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத அறை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர். திரையில் இப்படி வரும்: "ஆசிய நாடு ஒன்றைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் கம்பெனி மாத்திரைகளை ஊருக்கு எடுத்துச் சென்று உறவினருக்குக் கொடுத்தார். அவர் செய்த தவறுகள் எத்தனை?" பிள்ளைகள் தலையைக் குனிந்து எண்ணுவார்கள். நான்கு என்பார்கள், ஐந்து என்பார்கள். சரியான விடை ஏழு. அந்த ஆசிய ஊழியர் முன்னால் நின்று காபி குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஏழு தவறையும் மனப்பாடமாகச் சொல்வதால் நான் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு பெண் கை தூக்கினாள். "அந்த நோயாளி என்ன ஆனார்?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பாடத்தில் ஊழியர் என்ன ஆனார் என்று இருக்கிறது, கம்பெனி என்ன செய்தது என்று இருக்கிறது, நோயாளியைப் பற்றி ஒரு வரி கிடையாது. "அது இன்றைய பாடத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன், யாருக்கும் விளங்குவதில்லை. சென்னையில் மருந்தியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு தொண்ணூற்றேழில் ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா வந்தவன் நான். மூன்று வருடம் எலிகளோடு காலம் தள்ளினேன். இரண்டாயிரத்தில் இந்த வேலை கிடைத்தது. மருத்துவ அறிவியல் தொடர்பாளர் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் இன்னும் விளங்காது.

மெடிக்கல் ரெப்பை உங்களுக்குத் தெரியும். டை கட்டிக்கொண்டு, தோல் பையோடு, கிளினிக்கில் காய்ச்சல்காரர்களுக்கு நடுவே காத்திருப்பார். எங்கள் மருந்தை எழுதுங்கள் என்று டாக்டரிடம் சொல்வார். நானும் டை கட்டுவேன், பையும் உண்டு. ஆனால் எங்கள் மருந்தை எழுதுங்கள் என்று நான் சொல்லிவிட்டால் வேலை போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர்களைப் பார்த்து, மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று பேசுவதுதான் என் வேலை. சில விஷயங்களை அவர்களாகக் கேட்டால்தான் சொல்லலாம். நோயாளியிடமோ வாயே திறக்கக் கூடாது.

என் மகள் ஆயிஷா மூன்றாம் வகுப்பில் அப்பாவின் வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். "என் அப்பாவுக்கு மருந்தைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் சொல்ல அனுமதி இல்லை." டீச்சர் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தார். என் வேலையை அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அதை ஆங்கிலத்தில் எழுதினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் எழுதச் சொன்னால் தன் பெயரை எழுதுவாள், அதிலும் துணைக்கால் எங்காவது போய்விடும்.

இன்னொரு விதி உண்டு. எங்கள் மருந்தால் யாருக்காவது உடம்பு கெட்டது என்று எங்கே காதில் விழுந்தாலும், ஒரு வேலை நாளுக்குள் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுக்குப் படிவம் போட வேண்டும். கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்கக் கூடாது. இங்கே ஒரு பொங்கல் விழாவில் யாரோ ஒருவருடைய மாமனார் என்னிடம், "உங்க கம்பெனி மாத்திரை போட்டதிலேர்ந்து நெஞ்சு கரிக்குது தம்பி" என்றார். நான் வடையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, பிறந்த தேதி என்ன, எடை என்ன, மலம் என்ன நிறம் என்று கேட்க ஆரம்பித்தேன். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

3

அத்தா, அதாவது என் அப்பா, மிளகு வியாபாரி. கொல்லிமலை அடிவாரத்தில் கடை. வாரம் ஒரு நாள் முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறி, சோளக்காட்டுச் சந்தைக்குப் போவார். மலை ஊர்களான குண்டூர் நாட்டிலும் திருப்புலி நாட்டிலும் மிளகு போடுகிற குடும்பங்களுக்கு அவர் 'பாய்'. அவருக்கு யாருடைய கொடியில் எப்போது காய் பழுக்கும் என்று தெரியும், அவர்களுக்கு அவருடைய முட்டி எப்போது வலிக்கும் என்று தெரியும்.

வேலையில் சேர்ந்த மறு வருடம் லீவில் ஊருக்கு வந்தேன். அப்போது எங்கள் கம்பெனி மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரை விற்றுக்கொண்டிருந்தது. டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் மாதிரி அட்டைகள் ரெப் நண்பன் ஒருவனுடைய கார் டிக்கி நிறைய இருந்தன. தொடர்பாளர்கள் அந்த அட்டைகளைத் தொடவே கூடாது. நான் பை நிறைய அள்ளிக்கொண்டேன். தவறு எண் ஒன்று, இரண்டு, மூன்று.

ஊருக்குக் கொண்டுவந்தது நான்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் அத்தாவிடம் கொடுத்தது ஐந்து. கொடுக்கும்போது சொன்னேன். "நாளைக்கு ஒண்ணுதான் அத்தா. சாப்பிட்ட பிறகுதான். உங்களுக்கு மட்டும்தான்."

முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவது அவர் காதில் ஏறவே இல்லை. நான் அதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒருவர் ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தால் ஜம்ஜம் தண்ணீரையும் பேரீச்சம்பழத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு மிடறு, ஒரு பழம் என்று தெரு முழுக்கப் போகும். தூரத்திலிருந்து வந்த நல்ல பொருளைத் தனியாகத் தின்பது எங்கள் ஆட்களுக்கு ஆகாத காரியம். அத்தாவுக்கு முட்டிவலி நாலே நாளில் விட்டுவிட்டது. மலையில் ஏறி இறங்குகிறவன் எவனுக்கு முட்டி வலிக்காது? நான் விமானம் ஏறிய வாரமே, அவர் அட்டைகளைக் கத்தரியால் நறுக்கி, மிளகு சாம்பிள் மடிக்கிற தாளில் பொட்டலம் கட்டி, சந்தையில் பதினேழு பேருக்குக் கொடுத்துவிட்டார்.

அதில் பெரிய பொட்டலம் பெரியசாமிக்கு. குண்டூர் நாட்டில் அவரைப் போல மிளகு பறிக்க ஆள் இல்லை. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து உச்சிவரை ஏறுவார். அத்தாவோடு முப்பது வருடப் பழக்கம். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களுக்குப் பலாப்பழம் சுமந்து வந்தவர்.

4

அது செப்டம்பர். காலை ஏழரை மணி, ஊரில் சாயங்காலம் ஐந்து. ஆயிஷா பாலில் எதையோ ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அத்தா போனில் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்.

"பெரியசாமி ரத்த வாந்தி எடுக்கறானாம்டா. பாப்பாயி பஸ் கண்டக்டர்கிட்டச் சொல்லி உட்டிருக்கா. மூணு நாளா வெளிக்கிப் போறதும் கருப்பா போவுதாம். அந்த மாத்திரை ஒத்துக்கலையாட்ட இருக்குது. என்ன பண்ணட்டும் கண்ணு?"

பாப்பாயி, பெரியசாமியின் மனைவி.

என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன். "மருந்தின் விளைவுகள் குறித்து நோயாளிகளுக்கு நான் ஆலோசனை வழங்க இயலாது. தயவுசெய்து உங்கள் மருத்துவரை அணுகவும்."

தினமும் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், அன்றைக்குத் தமிழில் வந்துவிட்டது.

அத்தா கேட்டார். "யாருடா லைன்ல இருக்கறது? போனை ஜமால்கிட்டக் குடு."

"நான்தான் அத்தா ஜமால்."

"நீதானா? நீயே சொல்லு, மலையில நான் எந்த மருத்துவரைப் போய் அணுகட்டும்?"

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. வயிற்றுக்குள் புண் வந்து ரத்தம் கசிவது அந்த மாத்திரையின் அபூர்வமான விளைவுகளில் ஒன்று. அதற்கு என்னிடம் ஒரு படமே உண்டு. டாக்டர்களுக்கு அதைக் காட்டும்போது அடுத்த படத்துக்குச் சீக்கிரம் போய்விடுவேன். ரத்தம் கருப்பாகப் போய் மூன்று நாள் ஆகிவிட்டதென்றால் அந்த மனிதன் செத்துப்போகலாம்.

"மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்க. வேற எந்த வலி மாத்திரையும் குடுக்கக் கூடாது. காலையில வரைக்கும் காத்திருக்காதீங்க. இப்பவே வண்டி அனுப்பி நாமக்கல்லுக்குக் கொண்டு போங்க. டாக்டர்கிட்ட மாத்திரை அட்டையைக் காட்டுங்க" என்று கத்தினேன். நோயாளிக்கு ஆலோசனை வழங்கியது. தவறு எண் ஆறு.

"இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கோணும்" என்று அத்தா போனை வைத்துவிட்டார்.

மிளகு ஏற்றுகிற டெம்போவில் மெத்தை போட்டு, எழுபது வளைவும் பெரியசாமியை மடியில் பிடித்துக்கொண்டு பாப்பாயி இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அத்தாவின் கடையில் மூட்டை தூக்குகிற மூன்று பேர் வரிசையில் நின்று கொடுத்த ரத்தம். எட்டாம் நாள் அத்தா பேசினார். "பொழச்சுக்கிட்டான்." பெரியசாமி பிழைத்துவிட்டார் என்று ஆயிஷாவிடம் சொன்னேன். "பெரியசாமி உன் ஃப்ரெண்டா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

5

இடையில் படிவம் இருந்தது. காதில் விழுந்தாயிற்று, ஒரு வேலை நாள்தான் அவகாசம். அன்று மதியமே அலுவலக மேஜையில் உட்கார்ந்து, மறுபடி ஊருக்குப் போன் போட்டேன்.

"பெரியசாமி பொறந்த தேதி என்னங்கத்தா?"

"ரத்தம் கக்கறவனுக்குப் பொறந்த நாளு கொண்டாடப் போறியா?"

"வயசாவது சொல்லுங்க."

"மலைக்கு ரோடு போடறப்ப கல்லு சொமந்தான். நீயே கணக்குப் போட்டுக்க."

எடை மட்டும் உடனே வந்தது. போன தை மாதம் மூட்டைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றாராம். ஐம்பத்திரண்டு கிலோ, முந்நூறு கிராம். கம்பெனிக்கு வந்த படிவங்களில் எடை இவ்வளவு சுத்தமாக இருந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து இரண்டு கேள்விகள். மருந்து நோயாளிக்கு எப்படிக் கிடைத்தது? பாதிப்புக்கு மருந்துதான் காரணம் என்று தகவல் தருபவர் நினைக்கிறாரா: ஆம், இல்லை, கூற இயலாது?

என் விசா இந்த வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரீன் கார்டு எனும் பச்சை அட்டைக்கு மனு போட்டு, அது எங்கோ ஒரு மேஜையில் கிடந்தது. வேலை போனால் என் மனைவி ஷமீமையும் ஆயிஷாவையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மாதிரி மருந்தைத் திருடி ஊருக்குக் கொண்டுபோனேன் என்று என் கையாலேயே எழுதுவதா? முதல் கேள்விக்கு "வெளிநாட்டு உறவினர் ஒருவர் மூலம்" என்று எழுதினேன். யாருடைய உறவினர் என்று எழுதவில்லை. இரண்டாவதற்கு "கூற இயலாது" என்பதில் குறி போட்டேன். படிவம் போனது, நேரத்துக்குப் போனது, விதி மீறவில்லை. உண்மை மட்டும் போகவில்லை, தவறு எண் ஏழு அதுதான். வகுப்பில் யாரும் கண்டுபிடிப்பதே இல்லை.

மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கச் சொல்லி அத்தாவை விரட்டினேன். மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வந்த முட்டி வலியோடு வீடு வீடாகப் போனார். நிறையப் பேர் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இன்னொருவர் நொண்டுகிற மாட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாடு இப்போது நன்றாக நடக்கிறதாம். மாட்டுக்குத் தனிப் படிவம் உண்டா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பாதுகாப்புப் பிரிவில் டெபோரா என்று ஒரு அம்மாள். மாதம் தவறாமல் எழுதுவார். நோயாளி முழுமையாகக் குணமடைந்தாரா? ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைக்குமா? அத்தா சீட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினார், கவருக்குள் புது மிளகு ஒரு கை போட்டு. மிளகு அமெரிக்கச் சுங்கத்துறையோடு தங்கிவிட்டது, சீட்டு மட்டும் வந்து சேர்ந்தது. அதில் "நலமுடன் வீடு திரும்பினார்" என்று இருந்தது. டெபோராவுக்கு அது போதவில்லை. வீடு திரும்பிய பிறகு எப்படி இருக்கிறார் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

6

மறு வருடம் லீவில் வந்தபோது படிவத்தையும் எடுத்து வந்தேன். அத்தா சந்தையில் இறங்கிக்கொண்டார். குண்டூர் நாட்டுக்கு நான் மட்டும் போனேன்.

பெரியசாமி வாசலில் சாக்கு விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி. பாப்பா நல்லாருக்குதுங்களா? அத்தா முட்டிவலி எப்புடிங்க இருக்குது?" மாத்திரை கொடுத்தவனிடம் முட்டிவலி விசாரிக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாப்பாயி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். "அண்ணே, இப்ப உடம்பு முழுசா நல்லாயிடுச்சுங்களா?"

"ஆச்சுங்க தம்பி, ஆச்சு. நல்லாத்தான் இருக்கறனுங்க."

"எங்கீங்க நல்லாருக்கறீங்க?" என்றாள் பாப்பாயி. "ஏனுங்க தம்பி, மேல பாருங்க."

வீட்டைச் சுற்றி இருந்த மரங்களின் உச்சியில் மிளகு பழுத்துச் சிவந்து, பறிக்காமல் கிடந்தது.

"ஏணியில கால் வெச்சாவே தலை சுத்துதுங்குறாரு. திருப்புலி நாட்டுலேர்ந்து எங்கண்ணன் பசங்க வந்து கைக்கு எட்டுனதப் பறிச்சுட்டுப் போனாங்க. மத்ததெல்லாம் குருவிக்குத்தான். சிஸ்டர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை குடுத்தாங்க, அதையும் தொட மாட்டேங்குறாரு. மாத்திரைன்னாவே பயப்படறாருங்க." அவள் படிவத்தைப் பார்த்தாள். "ஒரு வருசம் கழிச்சு வந்து கேக்கறீங்க. இவரப் பாக்க வந்தீங்களா, இந்தக் காயிதத்துக்கு வந்தீங்களா?"

பொய் சொல்ல ஒரு நொடி யோசித்தேன். "காயிதத்துக்குத்தான் அக்கா."

"என்ன எழுதியிருக்குதுங்க அதுல?"

போன வருடம் எழுதியதன் நகலும் கையில் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தேன். எடையைக் கேட்டுப் பெரியசாமி சிரித்தார். மாத்திரை எப்படிக் கிடைத்தது, வெளிநாட்டு உறவினர் ஒருவர் மூலம். காரணம் மாத்திரைதானா, கூற இயலாது.

"பாய் அன்னிக்கு ஆசுபத்திரியில நட்டநடுவுல நின்னு சொன்னாருங்க" என்றாள் பாப்பாயி. "என் மகன் கொண்டாந்த மாத்திரைதான், நாந்தான் குடுத்தேன், எங்களாலதான் இப்புடி ஆச்சுன்னு டாக்டர்கிட்டச் சொன்னாரு. எங்காலுல உழுவ வந்தாரு, நாந்தான் தடுத்தேன். அவரு பள்ளிக்கூடம் தாண்டாதவரு. அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலீங்களா?"

"பாப்பாயி, உடு" என்றார் பெரியசாமி.

"நீங்க சும்மா இருங்க. தம்பி சொல்லட்டும்."

"தெரியும் அக்கா" என்றேன். "அன்னிக்கே தெரியும். வேலை போயிரும்னு பயந்துக்கிட்டு எழுதலை."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "இப்ப எழுதுங்க" என்றாள். "எழுதறதப் படிச்சுக் காட்டுங்க."

புதுப் படிவத்தை மரவள்ளித் தட்டின் பக்கத்தில் வைத்து எழுதினேன். மருந்து எப்படிக் கிடைத்தது: நான் கொண்டுவந்தேன், அனுமதி இல்லாமல். படித்துக் காட்டினேன். காரணம் மருந்துதானா: ஆம். படித்துக் காட்டினேன். இப்போதைய நிலை: முழுமையாகக் குணமடையவில்லை, மரம் ஏறுவதில்லை, தேவையான மருந்தையும் பயத்தால் சாப்பிடுவதில்லை. அதையும் படித்துக் காட்டினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

பாப்பாயி பேனாவைக் கேட்டு வாங்கினாள். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. என் கையெழுத்துக்குக் கீழே, படிவத்தில் இடமே இல்லாத இடத்தில், நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள்.

அன்றைக்கு மாலைவரை அங்கேயே இருந்தேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை எதற்கு, அது வயிற்றை என்ன செய்யும், என்ன செய்யாது என்று பெரியசாமியிடம் சொன்னேன். கேட்டதற்கும் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, என் கண் முன்னால் ஒன்றைப் போட்டுக்கொண்டார். பாப்பாயி அவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள்.

7

நியூ ஜெர்சியில் மூன்று கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொன்றிலும் போன கூட்டத்தைவிட ஒரு வக்கீல் அதிகம். என்னை ஊருக்கு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பயிற்சிக்கு அனுப்பி, அந்தப் பயிற்சியை இனி நீயே நடத்து என்று தலையில் கட்டிவிட்டார்கள். ஆடையில்லாமல் தெருவில் நிற்க வைத்தாலும் இதைவிட மேல் என்று ஷமீம் சொன்னாள். பச்சை அட்டை இரண்டு வருடம் தள்ளிப்போனது. இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார் பெரியசாமி. ஏணியில் மட்டும் இன்னும் ஏறவில்லை.

கடைசியாக டெபோராவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. படிவத்தின் அடியில், தகவல் தருபவரின் கையெழுத்துக்குக் கீழே, வேறு மொழியில் இன்னொரு கையெழுத்து இருக்கிறது. அது யாருடையது? அவருக்கும் இந்த அறிக்கைக்கும் என்ன தொடர்பு?

இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினேன். "அது நோயாளியின் மனைவி. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் இந்த முறை நான் உண்மையை எழுதினேன்."